நாணயத்தின் நிறை

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் எடுத்து எண்ணும் காசுக்கும் அது பெயர்; சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் அதுவே பெயர். 'நாணயமான மனிதர்' என்றால், பணம் படைத்தவர் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. நம்பத் தக்கவர் என்றே கொள்வர். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் குடிகொண்டிருப்பது மிகவும் பொருத்தமானது. காசு என்பது ஒரு வாக்குறுதி. 'இத்தனை எடையுள்ள நல்ல உலோகம் இதில் இருக்கிறது' என்று, அதனை அடித்து வெளியிட்ட அரசு கொடுக்கும் வாக்கே அதன்மேற் பொறித்த முத்திரை. அந்த வாக்குக்கு அளவுகோலாக அமைந்ததே நிறையளவு.

நுவரெலியாவுக்குக் கிழக்கே, ஊவா மலைகளை நோக்கிச் செல்லும் சரிவுகளில், உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கு வாழும் மக்களுக்கு நிறையைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குச் செல்லும் பெண், பறித்த கொழுந்தைக் கூடையோடு சுமந்து வந்து மடுவத்தில் நிறுத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு அன்று முழுப் பேரா, அரைப் பேரா என்பதைத் தராசே தீர்மானிக்கிறது. அன்று றாத்தற் கணக்கில் நிறுத்தார்கள். பின்னர் கிலோக் கணக்கு வந்தது. கொழுந்தின் நிறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த நிறை. அந்தக் கொழுந்துக்குப் பதிலாகக் கைக்கு வந்த கூலிக் காசுக்கும் ஒரு நிறை இருந்தது. அது அவ்வளவு எளிதாகக் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. அந்த நிறை எது, அதனை விதித்தவர் யார், அது எப்படி மாறியது என்பவற்றை அறிவதற்கு, காசின் எடை பற்றிய வழக்குகள் மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ள பண்டைக் கிரேக்க நாட்டிலிருந்து தொடங்குவது நன்று.

ஆனால் கிரேக்கருக்கும் முற்பட்டது விதை. எந்த நாட்டு மக்களும் சிறு எடைகளை முதலில் விதைகளாலேயே அளந்தார்கள். தமிழ்நாட்டுப் பொற்கொல்லர் குன்றிமணியை ஒரு தட்டில் இட்டுப் பொன்னை மறு தட்டில் இட்டனர். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது அவர்கள் வாய்பாடு. வட இந்திய வணிகர் அதே குன்றிமணியை இரத்தி என்று அழைத்தனர். ஆங்கிலேயரின் மிகச் சிறிய எடையான 'கிரெயின்' என்பதற்குத் தானியமணி என்பதே பொருள். நகைக் கடைகளில் இன்று வழங்கும் 'கரட்' என்னும் சொல், ஒருவகை மரத்தின் விதைக்குக் கிரேக்கர் இட்ட பெயரிலிருந்து பிறந்தது. விதை எங்கும் கிடைக்கும். எவர் கையிலும் இருக்கும். ஆகவே, அரசனுடைய தராசை நம்பாதவனும் தன் வீட்டில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வசதியே நிறையளவு என்னும் ஏற்பாட்டின் உயிர்நிலை.

கிரேக்க நாட்டில் வெள்ளிக் காசு கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பரவியது. அதற்கு முன்னரே 'ஒபோல்', 'திராக்மா' என்னும் சொற்கள் அங்கே வழக்கில் இருந்தன. ஒபோல் என்பது இறைச்சி சுடும் இரும்புக் கம்பி. திராக்மா என்பது ஒரு கைப்பிடி. ஆறு கம்பிகள் ஒரு கைப்பிடி என்பது பழைய கணக்கு. வெள்ளிக் காசு வந்தபோது இந்தப் பெயர்களே காசுகளுக்கும் நிலைத்தன. ஆறு ஒபோல் ஒரு திராக்மா. 100 திராக்மா ஒரு மினா. 60 மினா ஒரு தாலந்து. தாலந்தும் மினாவும் கையில் எடுக்கும் காசுகள் அல்ல; அவை எடைகள். காசின் கணக்கும் எடையின் கணக்கும் அங்கே ஒரே வாய்பாடாக இருந்தன.

ஆனால் ஒரு திராக்மா என்பது எவ்வளவு வெள்ளி? இந்த வினாவுக்கு ஊருக்கு ஓர் விடை இருந்தது. ஆமை முத்திரை பொறித்த ஏஜினாத் தீவின் ஸ்தாத்தர் என்னும் காசு ஏறத்தாழ 12.2 கிராம் எடையுள்ளது. அதிற் பாதியாகிய திராக்மா 6.1 கிராம். ஆந்தை முத்திரை பொறித்த ஏதென்சு நகரின் திராக்மா 4.3 கிராம், அதன் நான்கு மடங்கான பெருங்காசு 17.2 கிராம். சிறகுடைய குதிரையைப் பொறித்த கொரிந்து நகரத்தார், 8.6 கிராம் எடையில் ஒரு காசை அடித்தார்கள். அது ஏதென்சின் இரண்டு திராக்மாவுக்குச் சமமான எடை. எனினும் கொரிந்தியர் அதனை இரண்டாகப் பகுக்காமல் மூன்றாகப் பகுத்தனர். ஆகவே கொரிந்தின் திராக்மா ஏறத்தாழ 2.9 கிராம் ஆயிற்று. பெயர் ஒன்று, எடை மூன்று!

இதனால் குழப்பம் விளைந்திருக்கும் என்று தோன்றலாம். ஆனால் துறைமுக வணிகர்கள் அவ்வளவு இடர்ப்படவில்லை. ஏஜினாவின் 7 திராக்மாவை ஏதென்சின் 10 திராக்மாவோடு நிறுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒத்திருக்கும். இத்தகைய சமன்பாடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் கொடுத்து வாங்கினர். ஒவ்வோர் ஊரும் தன் நிறையளவை மாற்றாமற் காத்து வந்தவரை, அளவுகள் பலவாக இருந்ததால் பெருங்கேடு இல்லை. ஓர் ஊர் தன் அளவைச் சொல்லாமற் குறைத்தபோதுதான் கேடு வந்தது.

காசிற் குறை செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எடையைக் குறைப்பது. மற்றது, எடையை அப்படியே வைத்துக்கொண்டு மாற்றைக் குறைப்பது. அதாவது வெள்ளியிற் செம்பையோ ஈயத்தையோ கலப்பது. முதலாவது குற்றத்தைத் தராசு காட்டிக்கொடுக்கும். இரண்டாவதைக் காண உரைகல்லும் பழகிய கண்ணும் வேண்டும். எனவே வலியோர் செய்யும் குறை பெரும்பாலும் இரண்டாவது வழியிலேயே நடைபெறும்.

ஏதென்சு நகரமே ஒரு முறை இதனைச் செய்ய நேர்ந்தது. ஸ்பார்த்தாவோடு நடந்த நீண்ட போரின் இறுதியில், லௌரியன் வெள்ளிச் சுரங்கங்களின் வேலை நின்றது, கருவூலம் வற்றியது. அப்போது, கி.மு. 406ஆம் ஆண்டளவில், செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய காசுகளை நகரம் வெளியிட்டது. அடுத்த ஆண்டிலேயே நாடகாசிரியர் அரிஸ்தோபனீஸ் தமது 'தவளைகள்' நாடகத்தில் அந்தக் காசுகளை எள்ளி நகையாடினார். போர் முடிந்து சில காலத்தின் பின்னர் அவை செல்லாதவையாக்கப்பட்டன.

அந்த அனுபவம் நகரத்தாருக்குப் பாடமாயிற்று. கி.மு. 375-374ஆம் ஆண்டில் ஏதென்சு இயற்றிய காசுச் சட்டம் ஒன்று கல்லில் வெட்டப்பட்டது. அக்கல், 1970ஆம் ஆண்டில் அந்நகரின் பழைய சந்தைவெளியை அகழ்ந்தபோது கிடைத்தது. காசு சோதிப்பவன் ஒருவன் சந்தையில், நாணயம் மாற்றுவோரின் மேசைகளுக்கிடையே அமர்ந்திருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. எவரும் தம்மிடமுள்ள காசை அவனிடம் காட்டலாம். நல்ல காசாயின் அவன் திருப்பிக் கொடுப்பான். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே குறுக்காக வெட்டிவிடுவான். அவன் நல்லதென்று ஒப்பிய காசை ஏற்க மறுக்கும் வணிகனின் சரக்குப் பறிமுதல் செய்யப்படும். துறைமுகத்தில் வந்திறங்குவோருக்காக அங்கும் ஒரு சோதகன் நியமிக்கப்பட வேண்டும் என்றும் சட்டம் கூறியது.

அந்தச் சோதகன் நகரத்துக்குச் சொந்தமான ஓர் அடிமை. தன் இடத்தில் அமராமலோ சட்டப்படி சோதிக்காமலோ இருந்தால் அவனுக்கு 50 கசையடி. நகரத்தின் நாணயத்தைக் காக்கும் பொறுப்பு ஓர் அடிமையின் கண்ணையும் கையையும் சார்ந்திருந்தது; தவறினால் வலி அவன் முதுகுக்கு. இருந்தபோதிலும், இந்தச் சட்டத்தின் உட்கருத்து உயர்ந்தது. காசைப் பெற்றுக்கொள்பவன் அதனைச் சோதித்துப் பார்க்கும் உரிமையும், அதற்கு வேண்டிய வசதியும் சந்தை நடுவிலேயே கிடைக்க வேண்டும் என்பதே அக்கருத்து.

ஏதென்சில் ஒரு நாட் கூலி எவ்வளவு? இதற்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் எரெக்தியன் என்னும் கோயிலைக் கட்டி முடித்தபோது எழுதப்பட்ட கணக்குகளில், கைவினைஞருக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரு திராக்மா கொடுக்கப்பட்டது காணப்படுகிறது. நகரத்துக் குடிமக்களும், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும், அடிமைகளும் அங்கே அருகருகே நின்று கல் செதுக்கினர். மூவருக்கும் ஒரே வீதத்திற் கூலி கணக்கிடப்பட்டது. அடிமையின் கூலி அவன் எசமானின் பைக்குச் சென்றிருக்கும் என்பதையும் மறத்தல் ஆகாது. ஆயினும், ஒரு நாள் உழைப்பின் விலை 4.3 கிராம் வெள்ளி என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த ஏதென்சு நிறையளவையே மாவீரன் அலெக்சாந்தர் தன் பேரரசுக்கு ஏற்றுக்கொண்டான். அவன் படையெடுப்பின் பின்னர் மத்திய ஆசியாவில் ஆட்சி செலுத்திய யவன அரசர்களும் முதலில் அதே எடையிற் காசு அடித்தார்கள். ஆனால் இந்துகுஷ் மலையைக் கடந்து இந்திய மண்ணில் அவர்கள் ஆளத் தொடங்கியபோது நிலைமை மாறியது. இந்தியாவில் ஏற்கெனவே முத்திரைக் காசுகள் வழங்கி வந்தன. 32 இரத்தி, அதாவது ஏறத்தாழ 3.4 கிராம் வெள்ளி என்பது அவற்றின் அளவு. அத்தகைய காசுகள் தமிழ்நாட்டிலும் இலங்கையின் அநுராதபுரத்திலும் கூடக் கிடைத்துள்ளன. புதிய மண்ணில் யவன அரசர் தம் பழைய அளவை வற்புறுத்தவில்லை. அப்பலதோத்தஸ், மினாந்தர் முதலியோர் 2.45 கிராம் அளவில் இலகுவான திராக்மாவை அடித்தனர். ஒரு பக்கம் கிரேக்க எழுத்தும் மறு பக்கம் கரோஷ்டி எழுத்தும் பொறித்தனர். நாட்டு மக்கள் படிக்கும் எழுத்திலும், அவர்களுக்குப் பழகிய அளவுகளுக்கு இசைந்த எடையிலும் காசு அமைய வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம்.

இனி, மலைநாட்டுக் கூலியாக வந்த வெள்ளிக் காசின் வரலாற்றைக் காணலாம். 16ஆம் நூற்றாண்டில் ஷேர் ஷா அடித்த ரூபா ஏறத்தாழ 178 கிரெயின் எடையுள்ளது. அதன் பின்னர் இந்தியாவெங்கும் பல அரசர்களும் கம்பெனியாரும் வெவ்வேறு எடையில் ரூபா அடித்தனர். 1835ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே அளவை நிலைநாட்டியது. ஒரு ரூபாவின் எடை 180 கிரெயின். கிராமிற் சொன்னால் 11.66. அதில் 12 பங்குக்கு 11 பங்கு சுத்த வெள்ளி. அதாவது 165 கிரெயின். அந்த 180 கிரெயினே ஒரு தோலா எனவும் வரையறுக்கப்பட்டது. ஆகவே ரூபா ஒரு காசாகவும் இருந்தது; ஓர் எடைக்கல்லாகவும் இருந்தது. 'ஒரு ரூபா எடை' என்று நகைக்கும் மருந்துச் சரக்குக்கும் நிறுத்துக் கொடுத்த வழக்கம் இதனால் வந்ததே. சென்னை மாகாணத்துக் கணக்கில் மூன்று தோலா ஒரு பலம். 40 பலம் ஒரு விசை.

இலங்கையில் அந்நாளில் ஒல்லாந்தர் காலத்து ரிக்ஸ் டாலரும் பணமும் வழங்கி வந்தன. 1825ஆம் ஆண்டில் ஆங்கிலப் பவுணும் சிலிங்கும் பென்சும் அரசாங்கக் கணக்கு நாணயமாயின. ஆனால் காப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், ஊருக்குக் கொண்டு செல்லத் தக்க ரூபாவையே விரும்பினர். ரூபா சந்தையில் முந்தியது, சட்டம் பிந்தியது. 1869ஆம் ஆண்டில் இந்திய ரூபா இலங்கையில் அளவின்றிச் செல்லும் சட்ட நாணயமாயிற்று. 1872ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் தேதியிலிருந்து 100 சதம் கொண்ட ரூபாவே நாட்டின் கணக்கு நாணயம் என்று ஆயிற்று.

இதே காலத்திலேதான் மலைநாட்டின் பயிரும் மாறியது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பியை அழித்தது. உடப்புசல்லாவை மலைகளும் தேயிலை மலைகளாயின. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடிய சிறிய ரயிற்பாதை 1903-1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டு 1948 வரை இருந்தது. தேயிலைப் பெட்டிகள் அதன் வழியே கீழே சென்றன. சென்று சேர்ந்த இடம் இலண்டன் சந்தை. அங்கே தேயிலைக்குக் கிடைத்த விலை பொன் நாணயத்தில்; இங்கே கொழுந்து பறித்தவருக்குக் கிடைத்த கூலி வெள்ளி நாணயத்தில்.

இந்த இரண்டு உலோகங்களுக்கும் இடையே 1870களில் பெரும் பிளவு விழுந்தது. ஜெர்மனி 1871 முதல் பொன் நாணயத்துக்கு மாறி, தன்னிடமிருந்த வெள்ளியை விற்றது. பிற ஐரோப்பிய நாடுகளும் அவ்வழியே சென்றன. அமெரிக்காவின் நெவாடாச் சுரங்கங்கள் வெள்ளியை மலைபோற் குவித்தன. வெள்ளியின் விலை சரிந்தது. 1870ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2 சிலிங் பெறுமதியாயிருந்த ரூபா, 1892ஆம் ஆண்டளவில் 1 சிலிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது.

இதன் விளைவைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். இலண்டனில் தேயிலை விற்று 10 சிலிங் பெற்ற தோட்டத்துக்கு, ரூபா 2 சிலிங்காக இருந்தபோது 5 ரூபா கிடைத்தது. ரூபா 1 சிலிங் 3 பென்சாக இறங்கியபோது அதே 10 சிலிங்குக்கு 8 ரூபா கிடைத்தது. கூலியோ ரூபாவிலும் சதத்திலும் குறிக்கப்பட்டிருந்தது. தொழிலாளி கையில் வாங்கிய ரூபாவின் எடை ஒரு கிரெயினும் குறையவில்லை; மாற்றும் குறையவில்லை. தராசிலிட்டாலும் உரைகல்லில் உரைத்தாலும் அது 1835ஆம் ஆண்டின் சட்டப்படியே இருந்தது. ஆயினும் அவர் உழைப்பை உலகச் சந்தை அளந்த அளவுகோல் பொன்னாக மாறிவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த அரிசியும் வெள்ளிக் கணக்கிலேயே விலை குறிக்கப்பட்டதால், இந்த மாற்றம் உடனே அடுப்படியிற் புலப்படவில்லை. புலப்படாத மாற்றத்தைக் கேட்பார் இல்லை.

1893ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி இந்திய அரசாங்கம் ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. அதுவரை எவரும் வெள்ளிக் கட்டியை அக்கசாலைக்குக் கொண்டு சென்று ரூபாவாக அடித்துப் பெறலாம் என்ற வழக்கம் இருந்தது. அந்தக் கதவு அன்று மூடப்பட்டது. சில ஆண்டுகளில் ரூபா 1 சிலிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. 15 ரூபாவுக்கு ஒரு தங்கப் பவுண் என்று ஆயிற்று. அன்று முதல் ரூபாவின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் மதிப்பைவிட உயர்ந்து நின்றது. 180 கிரெயின் என்னும் நிறையளவு சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் காசைத் தாங்கி நின்றது எடை அன்று, அரசின் ஆணையே.

இலங்கையின் சில்லறைக் காசுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1892ஆம் ஆண்டில் 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள் வெளியாயின. 50 சதக் காசின் எடை 5.83 கிராம், ரூபாவின் எடையிற் சரி பாதி. ஆனால் அதன் மாற்று, நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1919ஆம் ஆண்டு முதல் அது நூற்றுக்கு 55 பங்காகக் குறைக்கப்பட்டது. எடை மாறவில்லை, முத்திரை மாறவில்லை, கையில் வைத்து எறிந்து பிடித்தால் அதே கனம். அரை ரூபாவுக்கு முறைப்படி இருக்க வேண்டிய வெள்ளி 5.35 கிராம். 1892இல் இருந்தது 4.67 கிராம், 1919க்குப் பின் 3.21 கிராம். 1943ஆம் ஆண்டில் நிக்கலும் பித்தளையும் கலந்த காசு வந்தபோது, வெள்ளி அறவே நீங்கியது. இந்தியாவிலும் 1940ஆம் ஆண்டில் ரூபாவின் வெள்ளி பாதியாக்கப்பட்டது. 1947இல் அது முழு நிக்கலாயிற்று. ஏதென்சில் செம்பின்மேல் முலாம் பூசியதை நகைத்தவர்கள் இதனைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார்களோ!

இந்த நிலையிலேதான் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி முதன்முறையாகச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து, 1929ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அளவுப்படி, உடப்புசல்லாவை போன்ற உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம்; பெண்ணுக்கு 43 சதம்; பிள்ளைக்கு 32 சதம். இதனை வெள்ளியாக நிறுத்துப் பார்த்தால் ஒரு வியப்பு வெளிப்படும். முழு ரூபாக் காசின் கணக்கில், 54 சதத்துக்கு ஏறத்தாழ 5.8 கிராம் வெள்ளி. சில்லறைக் காசின் கணக்கில், அதே 54 சதத்துக்கு ஏறத்தாழ 3.5 கிராம் வெள்ளி. ஒரே கூலிக்கு இரண்டு நிறை! ஏதென்சுக் கைவினைஞரின் 4.3 கிராம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தும், ஒரு நாள் உழைப்பின் வெள்ளி எடை இவ்வளவு அருகில் வருவது சிந்திக்கத் தக்கது. ஆனால் இதனைக் கொண்டு இரு காலத்து வாழ்வும் ஒத்தது என்று முடிவு கட்டலாகாது. வெள்ளியின் மதிப்பு இடையிற் பெரிதும் மாறிவிட்டது. மற்றொரு வேறுபாடும் உண்டு. அங்கே குடிமகனுக்கும் அடிமைக்கும் ஒரே வீதம்; இங்கே ஆணுக்கு 54, பெண்ணுக்கு 43. கொழுந்து பறிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. தோட்டங்களில் ஆண், பெண் இருபாலாருக்கும் சமகூலி வந்தது 1984ஆம் ஆண்டிலேதான்.

காசின் எடைக்காவது சட்டம் இருந்தது. தொழிலாளியின் வாழ்வை அழுத்திய மற்ற நிறைகளுக்கு நெடுநாள் சட்டம் இல்லை. கடலைக் கடந்து வரும்போது கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக ஏட்டில் ஏறியது. அக்கடனைத் தீர்ப்பவர் ஆளை அழைத்துச் செல்லலாம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தோட்டத்தின் கடனோடு மறு தோட்டத்துக்குக் குடும்பங்கள் மாறின. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மடுவத்திலோ, கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில றாத்தல்களைக் கழித்து எழுதும் வழக்கம் இருந்தது. கழித்த பின் நிறை போதாதாயின் அரைப் பேர். நாள் முழுவதும் மலையில் நின்றவருக்கு அரை நாட் கூலி என்பது, முழுக் காசென்று முத்திரையிட்டு அரைக் காசின் வெள்ளியைக் கொடுப்பதை ஒத்ததன்றோ?

ஏதென்சின் சந்தையில் ஒரு சோதகன் இருந்தான். பிரட்டுக் களத்தில் அப்படி எவரும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப முற்பட்டவை தொழிற்சங்கங்களே. 1931ஆம் ஆண்டில் கோ. நடேசய்யர் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1939ஆம் ஆண்டில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கம் எழுந்தது. கூலிக் கணக்கையும் தராசின் முள்ளையும் பார்த்து, 'இது சரியா?' என்று கேட்கும் துணிவை அவை வளர்த்தன. கேட்கும் வாய் இல்லாத இடத்தில் எந்த நிறையளவும் நிலைப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1950ஆம் ஆண்டில் இலங்கை மத்திய வங்கி தொடங்கியபோது, நாட்டின் ரூபாவுக்குச் சட்டம் ஒரு நிறையைச் சொல்லிற்று: 2.88 கிரெயின் சுத்தப் பொன். ஆனால் அந்தப் பொன் எந்தக் காசிலும் இருந்ததில்லை. கணக்கில் மட்டுமே இருந்தது. 1977ஆம் ஆண்டு முதல் ரூபாவின் வெளிநாட்டு மதிப்பு சந்தைக்கேற்ப ஏறவும் இறங்கவும் விடப்பட்டது. 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என்று அரசாங்க வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 54 சதத்துக்கும் 1,000 ரூபாவுக்கும் உள்ள தூரம் எண்ணிக்கையில் மிகப் பெரிது. அந்த எண் எத்தனை மடங்கு வளர்ந்தது என்பதை வைத்து வாழ்வு வளர்ந்தது என்று சொல்லிவிட முடியாது; ஆமைக் காசையும் ஆந்தைக் காசையும் திராக்மா என்ற பெயரை மட்டும் பார்த்து ஒப்பிடுவது போன்றதே அது.

இன்று காசைத் தராசிலிட்டுப் பயனில்லை. ஆனால் நிறுத்துப் பார்க்கும் தேவை ஒழிந்துவிடவில்லை. ஒரு நாட் கூலிக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ மா, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு எத்தனை நாட் கூலி என்று பார்ப்பதே இக்காலத்தின் நிறையளவு. குன்றிமணியைப் போலவே அரிசியும் எவர் வீட்டிலும் இருக்கும் விதைதான். அதனைக் கொண்டு கூலியை நிறுத்துப் பார்க்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உடப்புசல்லாவையின் மடுவத்தில் கொழுந்துக் கூடையைத் தராசில் ஏற்றும் கைகளுக்கு, மறு தட்டில் வைக்கப்படுவது என்ன என்று கேட்கும் உரிமையும் உண்டு. அந்தக் கேள்விக்கு நேரான விடை கிடைக்கும் இடத்திலேதான் 'நாணயம்' என்னும் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றுபடுகின்றன.